மாப்பிள்ளை படி இறங்கினால்

வீட்டிலிருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும், நேற்று வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது என்றே ஆரம்பிப்பார்கள். நேற்று யார் எதைத் தொட்டார்கள் என்று விசாரித்தால் பாதி வேலை முடிந்துவிடும். மட்டாஞ்சேரியில் அந்த வீட்டுப் பெண் போனில் சொன்னது வேறு மாதிரி இருந்தது.

"அண்ணா, இது ஒரு நாள்கூட ஒண்ண ஒண்ணு பாத்ததில்ல. நாலு மாசமாச்சு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ரெண்டுலயும் நெட்டு ஓடுது. ஆனா ஒண்ணுக்கொண்ணு தெரியல. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகணும்."

"ஞாயித்துக்கிழமை என்ன?"

"வாங்க, சொல்றேன்," என்றாள். பின்னால் எண்ணெய்ச் சட்டியில் எதையோ போடும் சத்தம் கேட்டது.

அவளுடைய அப்பாவுக்கு, அவள் வழக்கில் அத்தாவுக்கு, பஜாரில் சுக்கு மண்டி. மண்டிக் கம்ப்யூட்டரை இரண்டு முறை பிழைக்க வைத்தவன் என்ற வகையில் என்னை அந்த வீட்டுக்குத் தெரியும். மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிற தமிழ் முஸ்லிம் குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ் என்று அவர்கள் சொல்வார்கள். பாதி மலையாளம் என்று நான் சொல்வேன்.

என் படிப்பைப் பற்றி அவர்கள் கேட்டதில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஓடிப்போனவன் நான். சேலத்தில் மெஸ்ஸில் இலை எடுத்தேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். பெங்களூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் காவலுக்குச் சேர்ந்து, மேசைக்கடியில் படுத்து, கம்ப்யூட்டர்களின் பின்பக்கத்தை முதலில் தெரிந்துகொண்டேன். முன்பக்கம் பிறகுதான். கொச்சிக்கு ஒரு வெங்காய லாரியில் வந்தேன். லாரி திரும்பிப் போனபோது நான் ஏறவில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை, அப்போது ஒரு கடை வாசலில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை போனேன். கூடத்தில் பெரிய கம்ப்யூட்டரும் பெரிய தாள் போகும் பிரிண்டரும் இருந்தன. இன்வெர்ட்டர் இணைப்பு கூடத்தில் மட்டும்தான் என்பதால் அவற்றை வேறெங்கும் வைக்க முடியாது. மாடியறையில் லேப்டாப். இரண்டும் அந்தப் பெண்ணின் கணவனுடையவை. அவன் பாலக்காட்டுப் பக்கத்துப் பையன். கல்யாணமான கையோடு கல்ஃபுக்குப் போய், நடுவில் ஒரு மாத லீவில் வந்து திரும்பிப் போய், அங்கே கம்பெனி மூடி, நாலு மாதம் முன்பு திரும்பி வந்து மாமியார் வீட்டில் இருக்கிறான். துபாயில் கட்டும் கட்டடங்களுக்கு ஏசிக் குழாய் எங்கெங்கே போக வேண்டும் என்று இங்கிருந்தபடியே படம் வரைந்து அனுப்புகிறான்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "எனக்கு ஏழு மாசம். பிரசவம் அம்மாகிட்டதான். அவரு பாலத்துக்கு அந்தப் பக்கம், தேவரால ஃப்ளாட் பாத்து வச்சிருக்காரு. ஞாயித்துக்கிழமை அட்வான்ஸ் குடுக்கப் போறாராம். இந்த ரெண்டும் சேரலன்னா இந்த வீட்ல பணி எடுக்க முடியாதுன்றாரு. அம்மாக்கு இது தெரியாது. தெரிஞ்சா அவ்ளோதான்."

"ரெண்டும் சேராட்டி என்ன? பென் டிரைவ்ல போட்டு எடுத்துட்டுப் போலாமே."

"அதுதாண்ணா பிரச்சனையே," என்றாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. "பாருங்க."

பார்த்தேன். முதல் படியில் சத்தம் கேட்டதுமே டிவி அணைந்தது. தரையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா முறத்தோடு எழுந்து சமையலறைக்குள் மறைந்தாள். மாமியார் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, யாரும் உட்காராத ஒரு நாற்காலியை முந்தானையால் துடைத்தாள். மின்விசிறி தானாகச் சுற்ற ஆரம்பித்த மாதிரி இருந்தது, யார் சுவிட்சைப் போட்டது என்று தெரியவில்லை. மாப்பிள்ளை கடைசிப் படியில் காலை வைப்பதற்குள் மேசையில் மூன்று தட்டுகள் வந்துவிட்டன. ஒன்றில் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி, ஒன்றில் அச்சப்பம், ஒன்றில் கறி வைத்த பத்திரி ரொட்டி. சாயா நுரையோடு நின்றது.

அவன் பெரிய கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகினான். படம் இறங்க இரண்டு நிமிடம் ஆனது. தட்டுகள் காலியாக முக்கால் மணி நேரம்.

"மாப்ள ஒண்ணுமே தின்னல," என்றாள் மாமியார், அவனிடம் நேராகச் சொல்லாமல், சுவரைப் பார்த்து. அப்படித்தான் அவள் அவனிடம் பேசுவாள்.

நானும் மேசையில் உட்கார்ந்திருந்ததால் எனக்கும் அதே வரிசையில் வந்தது. நான்கு பழம்பொரி சாப்பிட்டேன். எதற்கும் தயங்கவில்லை.

மாடியறைக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு அவன் சட்டையின் கடைசிப் பித்தானைக் காட்டினான். அது பூட்டாமல் விலகி நின்றது. "ஒரு நாளைக்கு ஆறு தடவ எறங்கணும்ணே. ஒவ்வொரு படமும் அந்தப் பெரிய மெஷின்லதான் இருக்கு, பிரின்ட்டும் அங்கதான். ஆறு தடவையும் இதேதான். என் பேன்ட் எதுவும் இப்ப ஏறல, கைலிதான்."

"கூடத்துலயே உக்காந்து வேல பாத்துட்டா?"

"ஒரு வாரம் பாத்தேன். நான் உக்காந்திருந்தா யாரும் உக்கார மாட்டாங்க. மாமி ஒரு வாரமா நின்னுக்கிட்டே சோறு தின்னாங்க. டிவி கிடையாது. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க வாசல்ல எட்டிப் பாத்துட்டு ஓடிப்போயிடுவாங்க. கல்யாணமாகி ஒன்றர வருஷமாச்சுண்ணே, நான் இன்னும் புது மாப்ள."

"வேண்டாம்னு சொல்லலாமே."

"ஒரு தடவ பழம்பொரி வேணாம்னேன். பழம் சரியில்லியோன்னு நெனச்சு மாமி அழுதுட்டாங்க. மறுநாள் வேற கடைல இருந்து பெரிய குலையே வந்துச்சு."

உண்மையைச் சொன்னால் எனக்கு அவன்மேல் அவ்வளவு இரக்கம் வரவில்லை. திருப்பூரில் ஒரு மாதம் பன்னும் டீயும் மட்டும் சாப்பிட்டு இருந்திருக்கிறேன். அப்போது இப்படியொரு மாமியார் கிடைத்திருந்தால் ஒரு நாளைக்கு முப்பது தடவை படி இறங்கியிருப்பேன். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் வேலை. லேப்டாப்பைத் திறந்தேன்.

முதலில் செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன். இரண்டும் தங்களைப் பொது இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கும் என்பதால், இது வீடுதான் என்று இரண்டுக்கும் சொன்னேன். பகிர்வதற்கு அனுமதி கொடுத்தேன். காவல் மென்பொருளைச் சிறிது நேரம் தூங்க வைத்தேன். இரண்டையும் அணைத்துப் போட்டேன். பிறகு இங்கிருந்து அதற்கு ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். கதவைத் தட்டி, உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று கேட்பது போன்ற ஒரு கட்டளை அது. பதில் இல்லை. கீழே போய் அங்கிருந்து தட்டினேன். பதில் இல்லை, ஆனால் பத்திரி வந்தது.

"என்ன தம்பி, எந்தா கொழப்பம்?" என்றாள் மாமியார். அக்கா என்கிற முறையில் அவளை நான் இத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

தெரியாதபோது சுவரைக் குறை சொல்வது எங்கள் தொழிலில் வழக்கம். "பழைய வெட்டுக்கல் சுவரு, இத்தா. ரொம்பத் தடிமன். சிக்னல் போகாது."

"சுவரு என்ன பண்ணிச்சு? நான் அடுக்களைல இருந்து மகள விளிச்சா மேல கேக்குதே."

அவள் சொன்னது சரி. மாடியில் சிக்னல் முழுதாக இருந்தது. அங்கே இணையம் குதிரை மாதிரி ஓடியது. சுவரின் மேல் பழி நிற்கவில்லை.

மாடியில் லேப்டாப் பிடித்திருந்த வைஃபைக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் இருந்தது. கீழே கம்ப்யூட்டர் கம்பி வழியாகக் கூடத்து ரவுட்டர் பெட்டியோடு இணைந்திருந்தது. ஆக, மாடியில் சிக்னலை வாங்கித் திருப்பிக் கொடுக்க இரண்டாவது பெட்டி ஒன்று இருக்க வேண்டும், அதில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன். "அந்தப் பெட்டி எங்க?" என்று அவனைக் கேட்டேன்.

"தெரியாதுண்ணே. நான் வந்த அன்னிக்கே இது இருந்துச்சு. மாமி ஒரு தாம்பாளத்துல புதுக் கைலி, அத்தர் எல்லாம் வச்சு, நடுவுல பாஸ்வேர்ட எழுதி வச்சுக் குடுத்தாங்க. பேப்பர்லகூட அத்தர் வாசன."

தேடினேன். கட்டிலுக்கடியில் இல்லை. ஜன்னல் மேல் இல்லை. ஸ்டூல் போட்டு அலமாரி மேலே கையை விட்டபோது, "அண்ணே, அங்க வேணாம்," என்று பாய்ந்து வந்தான். அதற்குள் கையில் ஒரு தகர டப்பா வந்துவிட்டது. கனமாக இருந்தது. பின்னால் இன்னும் இரண்டு இருந்தன. திறந்தேன். அச்சப்பம், முறுக்கு, நாலைந்து நாளைக்கு முந்திய பழம்பொரி, அதன்மேல் பஞ்சு மாதிரிப் பூசணம்.

"கைலி மடிப்புல போட்டு மேல கொண்டு வந்துருவேன்," என்றான் மெதுவாக. "காலைல ஜன்னல்ல வச்சா காக்கா தின்னும். இப்ப காக்காயும் வரதில்ல."

டப்பாவை மூடி இருந்த இடத்தில் வைத்தேன். அன்றைக்கு அதற்குமேல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு வேறொரு வேலை இடக்கொச்சியில் இருந்தது. சனிக்கிழமை காலை திரும்பப் போனேன். வேலை முடியாததில் எனக்கு ஒரு சிறு சந்தோஷம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் காலை ஒன்பது மணிக்கு இடியப்பமும் முட்டைக்கறியும். ஆனால் வாசலில் அந்தப் பெண் நின்ற நிலையைப் பார்த்ததும் அந்த சந்தோஷம் போய்விட்டது. முதுகில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது.

"நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்களாம், அண்ணா. ஃப்ளாட்டுக்காரர். நான் வரமாட்டேன்னேன். அப்ப நான் மட்டும் போறேன்றாரு."

இந்த முறை பொறுமையாக உட்கார்ந்து இரண்டு கம்ப்யூட்டர்களின் முகவரியையும் ஒரு தாளில் எழுதினேன். நெட்வொர்க்கில் ஒவ்வொன்றுக்கும் நாலு எண்கள் கொண்ட ஒரு முகவரி உண்டு. வியாழக்கிழமை நான் கடைசி எண்ணை மட்டும் பார்த்திருந்தேன், வேறு வேறாக இருக்கிறதா என்று. வீட்டு நம்பரைப் பார்த்துவிட்டுத் தெருவின் பெயரைப் பார்க்காமல் போகிற தபால்காரன் மாதிரி. மூன்றாவது எண்ணில்தான் தெரு இருக்கிறது. இரண்டும் வேறு வேறு தெருவில் இருந்தன. ஒரே வீட்டில், ஒரே பெட்டியிலிருந்து.

கூடத்துக்கு இறங்கிப் பெட்டியைப் பார்த்தேன். இரண்டாவது பெட்டி எதுவும் இல்லை. இந்த ஒன்றிலிருந்தே இரண்டு பெயரில் வைஃபை வந்துகொண்டிருந்தது. "இத்தா, இந்த லைன் போட வந்த ஆளு உங்ககிட்ட என்ன கேட்டாரு?" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் போலிருந்தாள். "அவன் கேட்டான், 'இத்தா, வீட்டுக்கு வர்ற கெஸ்ட்டுக்குத் தனியா ஒண்ணு வைக்கட்டே'ன்னு. வைக்கணும்னேன். மாப்ள கல்ஃபுல இருந்து வரப்போறாரு. எங்க லைன்ல யாரெல்லாம் ஏறியிருக்கா, தெரியுமா? பக்கத்து வீடு, மண்டில லோடு எறக்கற ஆளுங்க, மீன்காரன்கூட ஏறியிருக்கான். எல்லாரும் ஏறுன பஸ்ஸுல மாப்ளய ஏத்த முடியுமா? அவருக்குத் தனி ரூம், தனி பிளேட்டு, துவட்டிக்கத் தனி தோர்த்து. நெட்டு மட்டும் பொதுவா?"

"அதுதான் இத்தா பிரச்சன," என்றேன். "விருந்தாளி லைன் எப்படின்னா, அவங்களுக்கு இன்டர்நெட் கிடைக்கும். அவ்வளவுதான். வீட்டுக்குள்ள இருக்கற எந்தப் பொருளையும் கண்ணுல காட்டாது. கம்ப்யூட்டர், பிரிண்டர் எதையும். வெளியாளு உள்ளதத் தொடக்கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்கான்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் நாற்காலி அது, கவனிக்கவில்லை. "அப்போ நான் மாப்ளய நாலு மாசமா வெளில நிறுத்தியிருக்கேனா?"

"சரி பண்ணிரலாம். வீட்டு லைனோட பாஸ்வேர்டு குடுங்க, ஒரு நிமிஷ வேல."

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது வேணாம்," என்றாள் அம்மா.

"மாத்திக் குடுங்கண்ணா, வேற பாஸ்வேர்டு போட்டு," என்றாள் மகள்.

மாற்றுவதற்குப் பெட்டிக்குள் நுழைய வேண்டும். அதற்கான சாவிச்சொல் லைன் போட்ட ஆளிடம் இருந்தது. அவருக்கு நாலு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் என்னைச் சமையலறை வாசலுக்குக் கூப்பிட்டுக் காதோரம் சொன்னாள். சொல்லும்போதே முகத்தை மூடிக்கொண்டாள்.

தீனிப்பண்டாரம், அதன் பின்னால் பதினாலு.

"கல்யாணத்தன்னிக்குக் காலைல பதினாலு இடியப்பம் தின்னாரு," என்றாள். "வீடே எண்ணுச்சு. லைன் போட்டப்ப என்ன பாஸ்வேர்டுன்னு கேட்டாங்க, சும்மா சிரிக்க வச்சது. அவரு இங்கயே தங்கிடுவாருன்னு யாருக்குத் தெரியும்? சத்தியமா, அப்பறம் அது உண்மைன்னே நெனச்சிட்டோம், பிளேட்டு எப்பவும் காலியாத்தான் வருது."

நான் மாடிக்குப் போய், அவனை ஜன்னலருகில் நிறுத்திவிட்டு, நானே அதை அடித்தேன். திரையில் புள்ளிகள்தான் தெரியும். ஒரு நிமிடத்தில் லேப்டாப்பின் திரையில் கீழ்க் கம்ப்யூட்டரின் பெயர் வந்து நின்றது. பிரிண்டரின் பெயரும் வந்தது. நாலு மாதமாக அவன் மாடியிலிருந்து அனுப்பித் தேங்கிக் கிடந்த படங்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்கத் தொடங்கின. பிரிண்டர் திடீரென்று அலறி ஓட, கூடத்தில் பக்கத்து வீட்டம்மா "அள்ளா!" என்று கத்துவது கேட்டது.

அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். எல்லோரும் மேலே ஓடி வந்தார்கள். அத்தோடு விட்டிருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் அவனும் கம்ப்யூட்டர் தெரிந்தவன். "போனையும் இதுலயே போட்டுக்கறேன்," என்று சொல்லிக்கொண்டே, நான் தடுப்பதற்குள், பாஸ்வேர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்திவிட்டான். புள்ளிகள் எழுத்துகளாக மாறின.

எழுத்துக்கூட்டிப் படித்தான். சத்தமாகவே படித்தான். கதவருகில் மனைவி, அவளுக்குப் பின்னால் தட்டோடு மாமியார்.

"பதினாலு எதுக்கு?" என்று கேட்டான்.

"இடியப்பம், மச்சான்."

விரல் விட்டு எண்ணினான். "பன்னெண்டு. கடைசி ரெண்டு உங்க அத்தா வச்சது, அத நான் எண்ண மாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. "இத வீட்ல எல்லாரும் அடிச்சிருக்கீங்க. மாமாவுமா?"

"ஒரு தடவ அடிச்சா போதும், மச்சான்."

"பக்கத்து வீடு? மீன்காரன்?"

மாமியார் தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். நான் என் திருப்புளியைப் பையில் போட்டேன். இரண்டு கம்ப்யூட்டர்களைச் சேர்த்துவிட்டு ஒரு குடும்பத்தைத் தேவராவுக்கு அனுப்பிவிட்டோம் என்று நினைத்தேன்.

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். மேலே ஏறி மூன்று டப்பாக்களையும் எடுத்து வந்து கட்டிலில் வைத்து, ஒவ்வொன்றாகத் திறந்தான். "நான் தீனிப்பண்டாரம்னா, இது என்ன, மாமி?"

மாமியார் எட்டிப் பார்த்தாள். பூசணம் பூத்த பழம்பொரியை, நமுத்துப்போன அச்சப்பத்தை, எறும்பு வரிசையைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டைக் கட்டிலில் வைத்தாள். முக்காடு நழுவியதைக் கவனிக்கவில்லை. முதல் தடவையாகச் சுவரைப் பார்க்காமல் அவனையே பார்த்தாள்.

"அடப் பாவி! இது எல்லாம் தின்னுட்டன்னுல்ல நான் நெனச்சேன்! தேங்காயெண்ண என்ன வெல விக்குதுன்னு தெரியுமாடா உனக்கு? இடுப்பு ஒடிய அடுப்படில நின்னு வறுத்தெடுத்தா, பொட்டில அடச்சு எறும்புக்கா போடற? வேண்டாம்னா வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? வாயி எதுக்கு இருக்கு, இடியப்பம் திங்கவா?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். மகள், "அம்மா!" என்றாள்.

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று எண்ணினேன். சிரித்துக்கொண்டிருந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். அதைப் பார்த்து அவன் மனைவியும் சிரித்தாள். நின்றபடி சிரிக்க முடியாமல் ஏழு மாத வயிற்றோடு சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. டப்பாக்களை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "கழுவி வைக்கணும்," என்று இறங்கிப் போனாள். பாதிப் படியில் நின்று, "சாயா வேணும்னா கீழ வந்து எடுத்துக்கோ. ஆறிப்போகும்," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் பத்து மணி வாக்கில் மீன் கடைகளுக்கு எதிரே சாயா குடித்துக்கொண்டிருந்தேன். கையில் பையோடு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை போனில் மலையாளத்தில் யாரிடமோ மன்னிப்புக் கேட்டபடி நடந்து வந்தான். ஃப்ளாட் இப்போதைக்கு வேண்டாம், சேட்டன் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம், பிரசவம் முடியட்டும் என்று சொன்னான். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்து, கடையில் குனிந்து கணம்பு மீன் வாங்கினான். மீனை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. செவுளைத் தூக்கிப் பார்க்கவும் இல்லை. மீன்காரன் பதினாலு என்று ஏதோ சொல்லிச் சிரித்தான், அவன் காது சிவந்தது, பையோடு போனான்.

நான் இரண்டாவது சாயாவை முடிப்பதற்குள் அதே பையோடு திரும்பி வந்தான். வேர்த்துக் கொட்டியது.

"கெட்டுப்போன மீனாம்ணே," என்றான். "மாமி மாத்திட்டு வரச் சொன்னாங்க. மாத்தாம வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாதாம்."

பையைக் கீழே வைத்துவிட்டு, மீன்காரனோடு பாலக்காட்டு மலையாளத்தில் சண்டையை ஆரம்பித்தான்.